பெண் பார்க்க வந்த துக்கம்

ஜூன் 24, 1958

இன்றும் கிணற்றடிக் குளியல். கல்லூரியில் பிணத்தைத் தொட்டு வந்தவள் தலைமுழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாதாம். கட்டின புடவையோடு உட்கார வேண்டும். அம்மா என் மேல் படாமல் எட்ட நின்று குடம் குடமாக ஊற்றுவாள். “டாக்டருக்குப் படிக்கிறேம்மா” என்றால், “படி. யாரு வேணான்னது? முழுகிட்டுப் படி” என்கிறாள். மூக்கு ஒழுகுகிறது.

ஜூன் 27

ஆறு பேருக்கு ஓர் உடல். எங்களுடையவருக்கு அறுபது வயதிருக்கும், பெரியவர் என்கிறோம். இன்று அவர் முன்கையில் தசைநாரைக் காட்டி நரம்பு என்று சாதித்தேன். “அவர் உயிரோட இருந்தா உம்மேல கேஸ் போட்டிருப்பாரு” என்றார் பேராசிரியர். மனசுக்குள் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஜூன் 30

வில்லியனூர் வரன். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். ஆவணியில் கல்யாணம், படிப்பு அத்தோடு சரி என்பது அவர்கள் நிபந்தனை. அப்பா மில்லில் எல்லாரிடமும் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் என்னிடம் சொன்னார். பிணம் அறுப்பதைச் சொல்லவில்லையாம். “காலேஜுன்னு சொல்லியிருக்கு, போதும்.” விழுந்து விழுந்து படித்து வாங்கின இடம்!

ஜூலை 5

அழுதேன். கேசரிக்கு ரவை வாங்கியாகிவிட்டது.

ஜூலை 6

எழுத முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு.

வண்டி வந்து நின்றது. பூவில்லை, பழமில்லை. மாப்பிள்ளையின் அத்தை சின்னப்பாப்பா தலைவிரி கோலமாக ஓடிவந்து, “இப்பிடி ஆயிப்போச்சே, தாயி!” என்று அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். கட்டிக்கொண்டு அழுபவளிடம் திருப்பி அழாமல் நிற்கிற பெண் எங்கள் பக்கம் உண்டா? அம்மாவும் அழுதாள். பக்கத்து வீட்டு லட்சுமி அக்கா ஓடிவந்து மாரில் அடித்துக்கொண்டாள். ஆண்கள் வரிசையாக அப்பாவின் கையைத் தொட்டார்கள். சந்தனம் பூசிக்கொண்டு நின்ற அப்பா முழித்தார்.

மூச்சு வாங்கும்போது அம்மா கேட்டாள்: “ஆமா, யாரு பூட்டாங்க?”

“அதத்தான் நாங்க கேக்க வந்தோம்!”

பெண் எப்படி என்று விசாரிக்க முந்தாநாள் மாப்பிள்ளையின் மாமா அரிகிருஷ்ணன் வந்திருக்கிறார். வேலிக்கு வெளியே நின்று பார்த்தால், பொழுது சாயும் நேரத்தில் பெண் கட்டின துணியோடு முழுகுகிறாள், தாய் தொடாமல் ஊற்றுகிறாள். எழவு வீடு என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பார்?

இனி எதற்கு மறைக்க? “காலேஜ்ல பொணம் அறுக்கறேங்க. அதுக்குத்தான் முழுகறது. தினமும்” என்றேன்.

சின்னப்பாப்பா அம்மா மேலிருந்த கையை வெடுக்கென்று எடுத்தாள். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. அவர்களும் சொல்லாமலே போனார்கள். கேசரியை நாங்களே தின்றோம்.

ஜூலை 9

அம்மா என்னோடு பேசுவதில்லை. தண்ணீர் மட்டும் ஊற்றுகிறாள்.

ஜூலை 15

இன்று அம்மாவே கேட்டாள்: “நீ அறுக்கற அந்த ஆளுக்கு யாருமில்லியா?”

“ஆஸ்பத்திரில செத்தாராம். கேட்டு யாரும் வரலம்மா.”

“அழக்கூட ஆளில்லியா?”

“இல்ல.”

குடத்தை இறக்கி வைத்தாள். “அன்னிக்கி அவ்ளோ அழுதேனே. அது அவருக்குன்னு இருக்கட்டும்.”

பெரியவருக்கு இதைச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது — பைத்தியமா எனக்கு?

ஆகஸ்ட் 24

ஆவணி பிறந்ததும் தரகர் புது ஜாதகத்தோடு வந்துவிட்டார். அப்பா பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார். அம்மா தரகரை வாசலிலேயே நிறுத்தினாள்.

“வீட்ல துக்கம்.”

“அடடா! எத்தினி நாளைக்கு?”

“பொண்ணு டாக்டராவற வரைக்கும்.”