உன் படங்களின் இடது ஓரம்

மாப்ள,

இன்று காலை பக்கத்து வீட்டில் நிச்சயதார்த்தம். தாம்பூலத் தட்டில் அடுக்கித் தரச் சொல்லி, வாழைச் சருகில் சுற்றிய வெற்றிலைக் கட்டு ஒன்றை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். சருகைப் பிரித்ததுமே ஈரமும் காரமும் கலந்த வாசனை கூடம் வரைக்கும் வந்துவிட்டது. படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தேன். சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலில், உச்சி வெயிலிலும் அந்தி போலிருந்த பச்சை நிழலுக்குள், கழுத்தில் கேமராவோடு எனக்கு முன்னால் நீ நடந்து போனது கண்ணில் வந்து நின்றது.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று நான் அதிகம் அழவில்லை. உன் மைத்துனர்கூட, "அண்ணே, நீங்க அழுது தீத்துருங்க, உள்ளயே வச்சுக்காதீங்க" என்று தோளைத் தொட்டார். உள்ளே துக்கம் இல்லாமல் இல்லை. அதோடு சேர்ந்து ஒரு நிம்மதியும் இருந்தது. சாவு வீட்டில் அதை யாரிடம் சொல்வது? உன்னிடம்தான் சொல்ல முடியும்.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் பழக ஆரம்பித்தோம். உனக்குத் தெற்கு மாசி வீதிப் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை. நான் அலங்காநல்லூர்க்காரன், மின்சார ஆபீசில் கிளார்க். உன் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள், எங்கள் வீட்டில் பேச்செல்லாம் கரும்பும் மோட்டாரும்தான். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது கேமரா மட்டுமே. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரு தட்டச்சு நிலையத்தின் மாடியில் கூடுவோம். உறை போட்ட தட்டச்சு இயந்திரங்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, மேஜையில் படங்களைப் பரப்பி வைத்துப் பேசுவோம். கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் 'மேனேஜர் சார்'. எந்தப் படத்தை எடுத்தாலும் "அருமை, அருமை" என்பார். அவர் சொன்னால் மற்றவர்களும் சொல்வார்கள்.

நான் முதன்முதலாகக் கொண்டுவந்த படம் உனக்கு நினைவிருக்கும். பம்புசெட் தொட்டியில் தண்ணீர் கொட்டுகிறது, பக்கத்தில் அப்பா குனிந்து முகம் கழுவுகிறார். மேனேஜர் சார் அருமை என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நீ மட்டும் படத்தை வாங்கி, நடுவைப் பார்க்காமல் நான்கு ஓரத்திலும் விரலை ஓட்டிவிட்டு, "என்ன எடுக்கணும்னு நெனச்ச?" என்று கேட்டாய்.

"அப்பாவை."

"தண்ணியில்லையா?"

"ரெண்டும்தான்."

"அப்ப இதுல ரெண்டு படம் இருக்கு மாப்ள. ரெண்டும் சண்ட போட்டுக்கிருக்கு. அப்பா வேணும்னா இன்னும் கிட்ட போயிருக்கணும். அந்த ஈரக் கை அம்புட்டு நல்லா இருக்கு, அதப் போயி இத்துனூண்டாப் போட்டுட்டியே."

அன்று உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பார்த்த முதல் நாளே மாப்ள என்கிறான், சேலை விற்கிறவனுக்கு என்ன தெரியும் என்று பஸ்ஸில் ஊர் போகும் வரை முணுமுணுத்துக்கொண்டே போனேன். ஆனால் அடுத்த ஞாயிறு அதே தொட்டிக்குப் போய், அப்பா முகம் கழுவும்போது இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து எடுத்தேன். அப்பாவின் கைகளும் நரைத்த மீசையில் தொங்கும் தண்ணீரும் மட்டும். அந்தப் படம்தான் இன்றும் எங்கள் ஊர் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. நீ அதைப் பார்த்து அருமை என்று சொல்லவில்லை. "இப்ப தெரியுது, நீ உங்க அப்பாவ எப்படிப் பாக்குறேன்னு" என்றாய்.

உன் வழக்கமே அதுதான். முதலில் என்ன நினைத்து எடுத்தாய் என்று கேட்பாய். பிறகு ஓரங்களைப் பார்ப்பாய். "நடுவுல இருக்குறத எல்லாரும் பாத்துருவாங்க. ஓரத்துல நிக்கிறத யாரு பாக்குறது?" என்பாய். ஒருவர் மண்டைக்குப் பின்னால் முளைத்த மின்கம்பம், பாதி வெட்டுப்பட்ட செருப்பு, இவையெல்லாம் உன் கண்ணுக்குத் தப்பாது. உன் படங்களில் தேவையில்லாத ஒரு புள்ளிகூட இருக்காது.

அதனால்தான் சில வருடங்கள் கழித்து உன் படங்கள் மாறியபோது எனக்குச் சட்டென்று உறைத்தது. இரண்டாயிரம் பிறந்த சமயம். சித்திரைத் திருவிழாவில் நீ எடுத்த ஒரு படத்தில், அழகர்மேல் தண்ணீர் பீய்ச்சத் தோல்பை தூக்கிய ஒருவர் முகம் அவ்வளவு தெளிவு. ஆனால் இடது ஓரத்தில் யாருடைய முழங்கையோ பாதி துருத்திக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் ஒரு சைக்கிள் சக்கரம். அதற்கடுத்து ஒரு ஆட்டோவின் பின்பக்கம். எல்லாம் இடது ஓரத்தில்தான்.

முழங்கை இருந்த படத்தைக் காட்டி மேனேஜர் சார் ரசித்துச் சொன்னார்: "புது மாதிரியா இருக்கே! ஓரத்தை உடைச்சுப் பாக்குறீங்க. அருமை."

நீ படத்தைக் கையில் எடுத்தாய். அந்த முழங்கையை அப்போதுதான் பார்க்கிறவன் போல ஒரு கணம் பார்த்தாய். பிறகு, "ஆமா சார், சும்மா ஒரு முயற்சிதான்" என்று சிரித்தாய். மாப்ள, உன்னைத் தெரிந்த எனக்கு அந்தச் சிரிப்புதான் பயமாக இருந்தது. செய்யாத ஒன்றுக்குப் பாராட்டு வாங்கிக்கொள்கிறவன் இல்லை நீ.

சோழவந்தானுக்கு நாம் போனது அதற்குப் பிறகு. கொடிக்கால் வரப்பில் நீ முன்னால் போனாய். உன் இடது பக்கம் ஒருவர் வெற்றிலை கிள்ளிக்கொண்டு நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, நல்ல உயரம். நீ நேராகப் போய் அவர்மேல் மோதினாய். அவர் கையில் இருந்த வெற்றிலையெல்லாம் வாய்க்காலில் கொட்டிவிட்டது. "பாத்து அண்ணே, ஆள் நிக்கிறது தெரியலையா?" என்றார் அவர். "உள்ள ஒரே இருட்டா இருக்கு" என்றாய் நீ. எனக்கு அங்கே எல்லாமே தெரிந்தது, கொடியில் ஊரும் எறும்பு உட்பட.

உனக்கு எப்படிச் சொல்வது? எங்களுக்கெல்லாம் ஓரம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவன் நீ. உன் படத்தில் ஓரம் சரியில்லை என்று நான் சொன்னால் கூட்டத்தில் சிரிப்பார்கள், அல்லது நீ உடைந்துபோவாய். நினைத்தாலே வயிற்றைக் கலக்கியது. ஆனால் சொல்லாமல் வைத்துக்கொண்டு உன் முகத்தைப் பார்ப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. கடைசியில், கூட்டத்தில் வேண்டாம் என்று முடிவுசெய்து, கடையில் ஆள் வராத மத்தியான நேரமாகப் பார்த்து வந்தேன். நீ எனக்குப் பிரிண்ட் போட்டுக் கொடுத்திருந்த படங்களையும், கூட்டத்துக்கென்று வாங்கி வைத்திருந்தவற்றையும் சேலை விரிக்கும் மெத்தைமேல் வரிசையாக வைத்தேன். உன் மனைவி, எனக்குத் தங்கச்சி முறை, கல்லாவில் உட்கார்ந்திருந்தது.

"மாப்ள, இதுல என்ன எடுக்கணும்னு நெனச்ச?" என்று கேட்டேன். நீ கேட்கும் அதே கேள்வி.

"அந்தாளு மூஞ்சிய."

"அப்ப இந்த முழங்கை?"

நான் சக்கரத்தைக் காட்டினேன், ஆட்டோவைக் காட்டினேன், கொடிக்கால் படத்தில் பாதியாக நின்ற கூடையைக் காட்டினேன். "வலது ஓரம், மேல, கீழ, எல்லாம் எப்பவும் போல சுத்தமா இருக்கு. இடது பக்கம் மட்டும்தான் இப்படி. நீ வேணும்னு விடல. உனக்கு அது தெரியல. கண்ணக் காட்டு மாப்ள."

உன் முகம் சிவந்துவிட்டது. "எனக்கே ஓரத்தச் சொல்லித் தாரியா? எனக்குக் கை போச்சுன்னு சொல்லத்தான் வந்தியா?"

"கை போகல. அந்த மூஞ்சிய உன்னால மட்டும்தான் இப்படி எடுக்க முடியும். நான் சொல்றது இந்த ஓரத்த மட்டும்."

நீ உன் மனைவியிடம் திரும்பி, உங்கள் பேச்சில் ஏதோ சொன்னாய். எனக்குப் புரியவில்லை. என்னை அனுப்பிவிடச் சொல்கிறாய் என்று நினைத்து எழுந்துவிட்டேன். ஆனால் தங்கச்சி கல்லாவை விட்டு இறங்கி வந்து, அந்தப் படங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றது. பிறகு எனக்கும் புரிய வேண்டும் என்றுதானோ என்னவோ, தமிழில் சொன்னது: "அண்ணே, வீட்லயும் இப்படித்தான். காபி டம்ளர எடது பக்கம் வச்சா தட்டி விட்டுருதாரு. கவனமே இல்லன்னு நான் தெனமும் ஏசிக்கிருக்கேன்."

நீ படங்களை எல்லாம் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாய். வாரேன் என்று சொல்லிக்கொள்ளாமல் நானும் இறங்கி வந்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு நீ வரவில்லை. போன் செய்தால் கடைப் பையன், முதலாளி வெளியே போயிருக்கிறார் என்றான். ஒரு நல்ல சிநேகிதனைக் கெடுத்துக்கொண்டாயிற்று என்று என் மனைவியிடம் புலம்பினேன். "கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கிறட்டும். நீங்க சொன்னது சொன்னதுதான்" என்றாள். அந்த மாதம் முழுக்க கேமராவைத் தொடவே மனமில்லை.

அதற்கடுத்த கூட்டத்து ஞாயிறு நான் தட்டச்சு நிலைய மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து "மாப்ள, நில்லு" என்று உன் குரல். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி வந்தாய். மூச்சு வாங்கியது. "கண்ணுல அழுத்தமாம். சத்தமில்லாம ஓரத்துல இருந்து தின்னுக்கிட்டே வருமாம். ரெண்டு கண்ணுலயும் இருக்கு, வலது கண்ணுலதான் ஜாஸ்தி, அதுவும் மூக்குப் பக்கம், அதான் இடது ஓரம் தெரியல. நான் அந்தக் கண்ணத்தான கேமராவுல வப்பேன்?"

"சரியாயிருமா?"

"போனது போனதுதானாம். ஆனா இருக்குறதக் காப்பாத்திரலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. தெனமும் சொட்டு மருந்து விடணும், விடாம விடணும். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு கேட்டேன். அத ஏன் கேக்குறீங்க, அதான் வந்துட்டீங்களேன்னு சொல்லிட்டாங்க."

அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. நீயும் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்குத்தானய்யா கண்ணு, நீ ஏன் அழுவுற?" என்றாய். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். மேலேயிருந்து மேனேஜர் சார் எட்டிப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

அன்று நீ செய்ததை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். அந்தப் படங்களையே மேஜையில் பரப்பி, நடந்ததை எல்லோர் முன்னாலும் சொன்னாய். மேனேஜர் சார் முகம் வாடிவிட்டது. "நான் புது மாதிரின்னு சொல்லிட்டேனேப்பா" என்றார். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சந்தோஷப்படணும்னு சொன்னீங்க சார். நானும் சந்தோஷப்பட்டேன். உள்ளுக்குள்ள எனக்கு என்னமோ ஆகுதுன்னு பயந்துக்கிட்டு இருந்தேன், நீங்க சொன்னத வச்சு மறச்சுக்கிட்டேன். தப்பு உங்க மேல இல்ல" என்றாய். அதற்குப் பிறகும் அவர் அருமை என்பதை விடவில்லை. ஆனால் ஏன் அருமை என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லப் பழகிக்கொண்டார். பிடிக்காததையும் சொல்ல ஆரம்பித்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டு.

நீ கேமராவை விடவில்லை. எடுக்கும் முன் தலையை மெல்ல இடம் வலமாகத் திருப்பிப் பார்த்துக்கொள்வாய். வெளியூர் போகும்போதெல்லாம் நான் உன் இடது பக்கமே நடந்தேன். "அங்க என்னடா நிக்குது?" என்று கேட்பாய், "ஒரு மாடு, ரெண்டு ஆளு" என்பேன். பல வருடங்கள் அப்படியே ஓடின. மகள் கல்யாணத்தைப் பார்த்தாய். பேத்தி பிறந்ததும் ஆஸ்பத்திரியில் அவளை வெளிச்சத்துப் பக்கம் திருப்பச் சொல்லி நீ எடுத்த படத்தில் நான்கு ஓரமும் சுத்தம். நெஞ்சுவலி வந்து நீ போன அன்று காலையில்கூட, பேப்பர் படித்துக் காட்டினாராம் என்று தங்கச்சி சொன்னது. என் நிம்மதி எதுவென்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

போன மாதம் என் மச்சினன் ஒத்தக்கடையில் புது வீடு கட்டிக் கூட்டிப்போய்க் காட்டினான். வந்தவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். மாடிப்படிக்குக் கைப்பிடிச் சுவரே இல்லை. அழகுக்காக அப்படியே விட்டிருக்கிறான். அவன் பிள்ளைகள் இரண்டும் சின்னது. பழைய மாதிரியே வயிற்றைக் கலக்கியது. பேசாமல் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, படி எதற்காக இப்படி என்று முதலில் கேட்டேன், பிறகு சொன்னேன். அவன் முகம் சுருங்கியது. நேற்று போன் செய்தான், கொத்தனார் வந்திருக்கிறாராம்.

அந்தக் கலக்கம் எனக்கு இன்னும் போகவில்லை மாப்ள. வந்தால், சொல்ல வேண்டியது ஏதோ இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறேன். வயிறு பாட்டுக்குக் கலங்குகிறது, நான் பாட்டுக்குச் சொல்லிவிடுகிறேன்.