கழுத்தில் போட்ட துண்டு

சுரபயா துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரருக்கு,

நலம். வயிற்றில் பிள்ளையின் அசைவு தெரிகிறது.

போன பிள்ளை உயிரில்லாமல் பிறந்தபோது உங்கள் அம்மா சொன்னது நினைவிருக்கிறதா? "மாசமா இருக்கறவ கழுத்துல துண்டைப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சா, பிள்ளை கழுத்துல கொடி சுத்தாம என்ன பண்ணும்?" நானும் நம்பினேன்.

இந்த முறை மருத்துவச்சி சுலஸ்த்ரி விரலில் குத்தி ரத்தம் பார்த்தார். சிபிலிஸ் என்கிற மேகநோயாம். அன்றைக்கே ஊசி போட்டுவிட்டார். "உன் புருஷனும் போட்டுக்கணும்மா, இல்லன்னா திரும்ப ஒட்டிக்கும். போன பிள்ளையும் இதுலதான் போயிருக்கும்" என்றார்.

அங்கே உங்களுக்கு யார் சமைத்துப் போடுகிறார்கள் என்று நான் கேட்கமாட்டேன். ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். போன பிள்ளை எதனால் போனது என்று உங்கள் அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள்.

வெயில் ஏறிவிட்டது. ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் தாய்