மூன்றாவது ஓட்டம்

மச்சான்,

இன்று கலேவெலயிலிருந்து வந்த வேன் ஒன்றில் இஞ்சினை இயக்கும் கம்பியூட்டர் பெட்டியைத் திறந்தேன். உள்ளே கருகிய வாசம் மூக்கில் ஏறியது. "டாஷ்போர்டுல எரியிற இஞ்சின் லைட்ட மட்டும் அணைச்சு விடுங்க, ஓட்டியெல்லாம் பாக்கத் தேவல்ல" என்றார் வேன்காரர். இப்படிச் சொல்கிறவர்களோடு சண்டைக்குப் போகிறவன் நான். இன்றோ, கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

நாம் மாத்தளை கராஜில் ஒன்றாக வேலை செய்த காலத்தில் இந்தப் பெட்டிகள் புதுசு. ஒன்று செத்தால், பழைய வண்டியிலிருந்து வேறொன்றைக் கழற்றி, புரோகிராமை மாற்றி எழுதிப் பொருத்துவோம். எழுதுவது உன் கை. சரியா என்று பார்ப்பது என் பிடிவாதம். உக்குவளை ரோட்டில் மூன்று முறை ஓட வேண்டும். மூன்றாவது, இஞ்சின் முழுதாக ஆறிய பிறகு. ஒருவர் ஓட்ட, மற்றவர் மடியில் லெப்டொப்பை வைத்து எண்களைப் பார்க்க வேண்டும். "பொண்ணு பாக்கப் போனாலும் நீ மூணு தடவ பாத்துட்டுத்தான் சரிம்பே" என்று கேலி செய்வாய். ஒருமுறை மூன்றாவது ஓட்டத்தில்தான் ஒரு வேன் இறக்கத்தில் நின்றுபோனது. அதற்குப் பிறகு என்னை யாராலும் அடக்க முடியவில்லை.

யுத்தம் முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அந்த ரோட்டில் செக்பொயிண்ட் போட்டிருந்தார்கள். அன்று ஊர்க்காரர் ஒருவரின் வேனுக்குப் பெட்டி மாற்றியிருந்தோம்; முதல் இரண்டு ஓட்டமும் சேர்ந்தே போனோம். வயர்களைப் பார்த்துக் கேட்டவர்களுக்குச் சிங்களத்தில் நான் விளக்கினேன், சிரித்துக்கொண்டே விட்டார்கள். மதியம் இஞ்சின் ஆறியபோது எனக்கு வேறொரு வண்டி வந்துவிட்டது.

"மச்சான், ரெண்டும் சுத்தமா இருக்கு. செக்பொயிண்ட்ல ஆளுங்க மாறிட்டாங்க. இன்னைக்கி விட்ருவோம்டா" என்றாய்.

"பயந்தா எப்புடிடா? லெப்டொப் தானா பதிஞ்சுக்கும். போயிட்டு வா" என்றேன்.

பயம் என்று சொன்னால் நீ போய்விடுவாய் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து தொங்கும் வயர், பக்கத்துச் சீட்டில் லெப்டொப், ஐடென்டி கார்டில் தமிழ்ப் பெயர். வயரைக் காட்டிக் காட்டி நீ எதையோ சொன்னதை ரோட்டோரக் கடைக்காரர் பார்த்திருக்கிறார். பிறகு ஜீப்பில் ஏற்றினார்களாம். பொலிஸில் கேட்டோம், முகாமில் கேட்டோம். அப்படி ஒருவரைத் தெரியாது என்றார்கள். மூன்று வாரம் கழித்து வேனை மட்டும் கொடுத்தார்கள்.

ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன். பெட்டியில் ஒரு பிழையும் பதிவாகியிருக்கவில்லை. ஆறிய இஞ்சினோடு கிளம்பியதிலிருந்து செக்பொயிண்ட் வரை நீ எழுதியது கச்சிதமாக வேலை செய்திருந்தது. ஒரு நிமிஷம் உன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. அடுத்த நிமிஷம் என் முகத்தில் நானே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

உன் மனைவி கராஜுக்கு வந்தாள். "அண்ணே, அந்தக் கடைசித் தடவ அவரா போனாரா, யாராச்சும் போகச் சொன்னாங்களா?"

"வேன்காரருதான் அவசரப்படுத்துனாரு, தங்கச்சி."

இத்தனை வருஷமாக அவள் அந்த மனிதரைச் சபித்துக்கொண்டிருக்கிறாள். நல்லது கெட்டதுக்கு எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவருக்கு ஏன் என்றே தெரியாது.

என்னை மட்டும் உட்காரவைத்துத் தேத்தண்ணி ஊற்றித் தருகிறாள். "ஒங்கள மாதிரி ஒரு கூட்டாளி கெடைச்சது அவரு செஞ்ச புண்ணியம்ணே" என்கிறாள்.

நான் வாங்கிக் குடிக்கிறேன், மச்சான்.