வெள்ளையடித்த வடக்குச் சுவர்

மார்ச் 11, செவ்வாய்

மாலையில் மழை. இளைஞர் மையத்து மாடியில் வாளிகளை எங்கெங்கே வைக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். டிரம் செட்டுக்குப் பக்கத்தில் பெரியது, படிக்கிற மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் சின்னது. வடக்குச் சுவருக்கு வாளி வைத்துப் பயனில்லை. அங்கே தண்ணீர் சொட்டுவதில்லை, சுவரே குடித்துக்கொள்கிறது. கறுப்புப் பூஞ்சை என் தோள் உயரத்துக்கு ஏறிவிட்டது.

வழக்கம்போல் மின்சாரம் போயிற்று. "மையத்துக்குப் பேரு மட்டும் விளக்கு. ஒரு தூத்தல் போட்டா இருட்டு" என்றாள் லெமோனியா, இருட்டிலேயே டிரம் வாசித்துக்கொண்டு. அவளைப் போல் பதினேழு வயதில் நான் இப்படி ஒரு வாக்கியம் பேசியிருப்பேனா? சந்தேகம்தான்.

மையத்தை நடத்துகிற மிர்சீனி அக்கா தீயணைப்பு அதிகாரியைப் பார்த்துவிட்டு வந்தார். இந்த வருடம் முடிவதற்குள் கூரையும் சுவரும் வயரிங்கும் சரியாகவில்லை என்றால் மாடியைப் பூட்டிவிடுவார்களாம். எங்களுக்கு இருப்பது ஒரே வழி: இளைஞர் அமைப்புகளின் கட்டடங்களைப் பழுதுபார்க்க நகராட்சி அறிவித்திருக்கிற நிதி.

"அந்தூலா, நீ படிச்ச பொண்ணு. நீ எழுது. பேசறத நான் பாத்துக்கறேன்."

எழுதுவதில் எனக்குப் பயமில்லை. பேச வேண்டாம் என்றதும்தான் மூச்சு வந்தது.

மார்ச் 25, செவ்வாய்

விடுமுறை. சுதந்திர தின அணிவகுப்பு, பிறகு வீட்டில் பொரித்த காட் மீனும் பூண்டுச் சட்டினியும். அம்மா ஹோட்டலில் பாதி நாள் அறை துடைத்துவிட்டு வந்து சமைத்தாள். அப்பா படகிலிருந்து வந்து, சாப்பிட்டு, அப்படியே நாற்காலியில் தூங்கிப்போனார்.

விண்ணப்பத்தை நேற்று கொடுத்துவிட்டேன். அதில் எழுதாத ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு வருடத்தில் எங்கள் வீட்டில் ஒரே மேஜை. அதில் சாப்பாடு, அப்பாவின் வலை, தம்பியின் சண்டை எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். நான் அந்த மாடியில், அந்த வடக்குச் சுவருக்குப் பக்கத்தில்தான் படித்தேன். மிர்சீனி அக்கா தன் காலடி ஹீட்டரை எடுத்து வந்து என் காலடியில் வைத்துவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் அந்த ஹீட்டருக்குத்தான் போக வேண்டும்.

அம்மாவும் அதை மறக்கவில்லை. அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் மையத்தைப் பெருக்கித் துடைப்பது அவள்தான். யாரும் கேட்டதில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

முதல் கட்டத்தில் தேறிவிட்டோம்! ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில், செவ்வாயன்று நகராட்சிப் பொறியாளர் நேரில் பார்க்க வருகிறார். அவர் அறிக்கைதான் முடிவு செய்யும்.

ஏப்ரல் 14, பெரிய திங்கள்

நேற்றிலிருந்து காய்ச்சல். படுக்கையை விட்டு எழவில்லை. இரண்டு நாளும் அம்மா வீட்டில் இல்லை. சாயங்காலம் சூப்போடு வந்தாள், தலைமுடியெல்லாம் சுண்ணாம்புப் பொட்டு. ஈஸ்டருக்கு முந்தின வாரத்தில் இந்த ஊரில் எந்த அம்மா தலையில்தான் சுண்ணாம்பு இல்லை? முற்றம், படிக்கட்டு, தெரு மரத்தின் அடி எல்லாவற்றுக்கும் வெள்ளை.

"நாளைக்கு உனக்கு ஒரு சந்தோஷம் வெச்சிருக்கேன்" என்றாள். சின்னப் பெண் மாதிரி சிரித்தாள்.

ஏப்ரல் 15, பெரிய செவ்வாய்

காய்ச்சல் விட்டுவிட்டது.

காலையில் படியேறும்போதே வாசனை வந்தது. கதவைத் திறந்தால் — வெள்ளை. வடக்குச் சுவர் முழுக்க, கூரை வரைக்கும், கண் கூசும் வெள்ளை. பூஞ்சை இருந்த தடமே இல்லை. தரை மெழுகு போட்டு மின்னுகிறது. உளுத்த பலகைகளின் மேல் யார் வீட்டுக் கம்பளமோ. தொங்குகிற வயர்களுக்கு முன்னால் லேஸ் திரை. பெரிய வாளியில் ஜெரேனியச் செடி.

அம்மாவும் பக்கத்து வீட்டுப் பார்த்தேனா அத்தையும் இன்னும் சில அம்மாக்களும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் நிற்கிறார்கள். மிர்சீனி அக்கா "செவ்வாய்க்கிழமை நகராட்சியிலேருந்து ஆள் வர்றாங்க" என்று மட்டும்தான் அவர்களிடம் சொல்லியிருக்கிறார். விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டை என்ன செய்வார்களோ அதைச் செய்துவிட்டார்கள்.

"எப்படி இருக்கு?" என்றாள் அம்மா.

அதற்குள் பொறியாளர் படியேறி வந்துவிட்டார்.

பொறியாளர் பெயர் டெலிஸ். ஒல்லி, மூக்குக் கண்ணாடி, சளி பிடித்த மூக்கு. காபி கொடுத்தார்கள். நோன்புக்கு ஏற்ற எள் வளையம், ஹல்வா. அவர் ஒரு சுற்று சுற்றினார். படம் எடுத்தார்.

"சொல்லப்போனா எங்க ஆபீசைவிட நல்லா இருக்குங்க."

அம்மாக்கள் பூரித்துப்போனார்கள். பார்த்தேனா அத்தை விடவில்லை: "பின்னே? நாங்க என்ன அழுக்குல புரள்ற ஜனமா?"

அவர் பேனாவை மூடினார். "அப்ப, இதைவிட மோசமா இருக்கற எடத்துக்கு இந்த நிதி போறதுதானே நியாயம்?"

மிர்சீனி அக்கா வாயைத் திறந்தார், மூடினார். பேசறத நான் பாத்துக்கறேன்னு சொன்னவங்க! ஆனால் அவர் எப்படிச் சொல்வார்? இரண்டு நாள் முதுகு ஒடிய வேலை செய்த பெண்கள் எதிரில் நிற்கிறார்கள். வேறு யாரும் சொல்ல முடியாது. நான்தான் சொல்லணும். ஏன்னா அது என் அம்மா.

"சார், இது நேத்து அடிச்ச சுண்ணாம்பு. அடிச்சது எங்க அம்மா. உள்ள சுவர் அழுகியிருக்கு."

என் குரல் மாதிரியே இல்லை. அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத மாட்டேன்.

லெமோனியா போய் லேஸ் திரையை விலக்கினாள். "இதையும் பாருங்க சார். ஆனா தொட்டுடாதீங்க. அப்புறம் உங்களுக்கு இந்த வருஷம் ஈஸ்டர் கிடையாது."

டெலிஸ் ஒரு கணம் யோசித்தார். பிறகு சிரித்துவிட்டார். "எங்கம்மாவும் இப்படித்தான். டாக்டர்கிட்ட போகணும்னா கால்ல இருக்கற புண்ணுக்குப் பவுடர் போட்டுட்டுத்தான் கெளம்புவாங்க." ஆனால் உடனே முகம் மாறியது. "நீங்க சொல்றத நான் நம்பறேன்மா. ஆனா நம்பறத எழுத முடியாது, பாக்கறதத்தான் எழுத முடியும். பழைய படத்தைக் காட்டினா, இப்பதான் சரி பண்ணிட்டாங்களேன்னு கமிட்டி கேக்கும். முப்பதாம் தேதி அறிக்கை கொடுக்கணும். அன்னிக்குக் காலையில திரும்ப வரேன். அதுவரைக்கும் யாரும் சுவத்தைத் தொடக் கூடாது. சுரண்டவும் கூடாது. சுரண்டினா வேணும்னே கெடுத்தீங்கன்னு ஆயிடும்."

அம்மா தட்டைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனாள்.

ஏப்ரல் 16, புதன்

அம்மா பேசவில்லை. மேஜையில் சாப்பாடு மூடி வைத்திருந்தது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

தேவாலயத்திலிருந்து திரும்பும் வழியில், தெருவில் நடந்தபடியே பேசினாள். என்னைப் பார்க்காமல்.

"இத்தனை வருஷமா ஹோட்டல்ல ரூம் துடைக்கறேன். ஆள் வர்றதுக்குள்ள கறை தெரியாம பண்ணணும், அதான் என் வேலை. வேற என்னடி தெரியும் எனக்கு? நீ படிச்ச எடம் அது. எவனோ ஒருத்தன் வந்து அசிங்கமா இருக்குன்னு சொல்லிடக் கூடாதுன்னு நெனச்சேன்."

என் கையில் மெழுகுவர்த்தி. அதை வீடுவரை அணையாமல் கொண்டுவர வேண்டும் என்பதால் கண்ணைக்கூடத் துடைக்க முடியவில்லை. "அம்மா, அவ்ளோ அழகா யாரும் அந்தச் சுவத்தைப் பாத்ததே இல்லம்மா" என்றேன்.

"அதான் தப்பாப் போச்சு" என்றாள். கொஞ்ச தூரம் போய், "அவ்ளோ பேருக்கு முன்னாடி பேசிட்டியே நீ" என்றாள்.

திட்டா, பாராட்டா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு

ஈஸ்டருக்குச் சாயம் போட்ட சிவப்பு முட்டைகளை ஒன்றோடொன்று மோதவிட்டோம். கடைசிவரை உடையாதது அம்மாவின் முட்டை. அப்பாவுடையது, தம்பியுடையது, பார்த்தேனா அத்தையுடையது எல்லாம் நொறுங்கிப்போயின.

"அதிர்ஷ்டம் ஒனக்குத்தான். என்ன வேண்டிக்கறே?" என்றார் அப்பா.

அம்மா ஆட்டுக்கறியைத் தட்டில் போட்டபடி சொன்னாள்: "அந்தச் சுவர் நாசமாப் போகணும்."

அப்பாவுக்குப் புரையேறிவிட்டது.

ஏப்ரல் 23, புதன்

நல்ல வெயில். சுவர் அப்படியே இருக்கிறது, பால் மாதிரி. "நல்லாப் புடிச்சிக்கணும்னு உப்பு போட்டு ரெண்டு கை அடிச்சேன்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள்.

"கூரையில ஹோஸ் வெச்சு நாமளே தண்ணி அடிச்சிடலாம்க்கா. யாருக்குத் தெரியும்?" என்றாள் லெமோனியா.

கூடாது என்றேன். அவர் நம்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மேல் ஹோஸ் பிடிக்க முடியுமா?

"நீங்க சைலன்ட் மோடுலயே இருந்திருக்கலாம்" என்றாள். ஆனால் ஹோஸைச் சுருட்டி வைத்துவிட்டாள்.

அப்பாவைக் கேட்டேன். வானத்தைப் பார்த்து, காற்றைப் பார்த்து, மாதக் கடைசிவரை மழை கிடையாது என்றார். முப்பது வருடம் கடலில் இருந்தவர். அழுகை வந்தது.

ஏப்ரல் 26, சனி

விடிந்ததிலிருந்து மழை! கொட்டோ கொட்டு என்று கொட்டுகிறது. அப்பா தலையைக் காட்டவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

சுவரில் ஈரம் வந்துவிட்டது. ஜன்னலுக்கு மேலே முதலில் ஒரு மஞ்சள் வளையம், பிறகு அதன் கீழே சாம்பல் நிறத்தில் இன்னொன்று. மதியத்துக்குள் சுண்ணாம்பு அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு, தானாகவே உதிர ஆரம்பித்தது. அடியில் பழைய கறுப்பு.

தெருவே பார்க்க வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பார்த்தேனா அத்தை சிலுவை போட்டுக்கொண்டார். "தொடாதீங்க, தொடாதீங்க!" என்று மிர்சீனி அக்கா அருங்காட்சியகக் காவலாளி மாதிரி கையை விரித்து நின்றார்.

அம்மா மட்டும் தரையில் உதிர்ந்து கிடந்த வெள்ளையைப் பார்த்தாள். "எவ்ளோ நல்லா அடிச்சிருந்தேன்" என்றாள். நான் அவள் தோளில் சாய்ந்துகொண்டேன்.

ஏப்ரல் 30, புதன்

டெலிஸ் வந்தார். விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினார். ஒரு பெரிய பொருக்கு அவர் காலணி மேல் விழுந்தது. "கிறிஸ்து உயிர்த்தார்" என்று சுவருக்கு ஈஸ்டர் வாழ்த்துச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம்.

காபி கிடையாது, விருந்தாளி கிடையாது, சும்மா வரட்டும் என்று அம்மா சபதம் செய்திருந்தாள். அவர் ஏணியில் ஏறியதும் அவளுக்குத் தாங்கவில்லை. வெண்ணெய் போட்ட ஈஸ்டர் பிஸ்கட்டோடு காபி வந்தது.

அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நானே பதில் சொன்னேன். கூரை, தாழ்வாரக் குழாய், வயரிங். மிர்சீனி அக்கா பக்கத்தில் இருந்தார், வாயைத் திறக்கவே இல்லை. அதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

ஜூன் 12, வியாழன்

நிதி கிடைத்துவிட்டது. முழுதாக.

இன்றைக்கு இவ்வளவுதான் எழுத முடியும்.

ஜூலை 8, செவ்வாய்

வேலை தொடங்கியது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளத்துக்கு மாறிவிட்டார்கள். லெமோனியாவின் டிரம்மைத் தாங்க முடியாமல் வாட்ச்மேன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்கு மின்சார பில் வந்தது. வழக்கமாக அதோடு சேர்ந்து வருகிற நகராட்சி வரியைப் பார்த்ததும் அம்மா யாரையாவது சபிப்பாள். இன்று விரலை அதன் மேல் வைத்து, "இதுலேருந்துதான் வருதா அந்தக் காசு?" என்றாள். ஆமாம், இதிலிருந்தும்தான் என்றேன். எங்கள் வீட்டிலிருந்து, பார்த்தேனா அத்தை வீட்டிலிருந்து, மேலத்தெருவில் எங்களைத் தெரியவே தெரியாத வீடுகளிலிருந்து. "அப்ப அவங்களுக்கெல்லாம் எப்படிடி நன்றி சொல்றது?" என்றாள்.

தெருவில் நடக்கும்போது இப்போதெல்லாம் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே போகிறேன்.

நவம்பர் 18, செவ்வாய்

இன்று இறுதிப் பரிசோதனை. நேற்றிரவு முழுக்க மழை பெய்தது. வாளிகளை வைக்கப் போனவள், எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பி வந்தேன். ஒரு சொட்டு இல்லை. விளக்குகள் எல்லாம் எரிந்தன.

டெலிஸும் கமிட்டிக்காரர்களும் வருவதற்கு முன்பே அம்மா வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை உடுப்பு. ஆனால் கையில் துடைப்பம் இல்லை, துணி இல்லை. வடக்குச் சுவருக்குப் பக்கத்தில், நான் படித்த மேஜையில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "நான் எதையும் தொட மாட்டேன்பா" என்றாள் எல்லோருக்கும் பொதுவாக.

படியில் காலடிச் சத்தம் கேட்டது.

"அந்தூலா" என்றாள் அம்மா. "என்னடி பண்றே அங்க?"

பார்த்தால், நான் ஜன்னல் கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருக்கிறேன். அழுத்தி, வட்டமாக, அவள் துடைக்கிற மாதிரியே.

"விடு. இருக்கறபடியே பாக்கட்டும்" என்றாள். "நீ போயிப் பேசு."

போனேன்.