முப்பது மீட்டர்

அன்புள்ள டிரைவர் அண்ணனுக்கு,

அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். என் சுகத்தைக் கேட்காதீர்கள். கேட்டால் பொய் சொல்ல வேண்டிவரும். இந்த மாதத்துக்கான பொய்யை ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டேன். போனில் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எதைச் சொன்னாலும், "விடு வாத்தியாரம்மா, பாத்துக்கலாம்" என்று பேச்சை முடித்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

பால் வண்டிக்காரர் காட்டுச் சாலையில் டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது நம் சிறுத்தை மகாராணி அடித்து இறந்துபோனது உங்களுக்குத் தெரியும். இன்றோடு மூன்று வாரம். இங்கிருந்து வேலையை விட்டுப் போய்விட்ட உங்களுக்கும் விசாரணை அதிகாரி போன் செய்தாராம். நீங்கள் சொன்னதை எழுத்தில் பார்த்தேன். "ஏழு வருஷத்துல ஒரு நாள்கூட அந்தச் சிறுத்தைகிட்ட முப்பது மீட்டருக்குள்ள போனதில்ல சார்." முப்பது மீட்டரா அண்ணே? நம் ஜீப்பின் பின்சக்கரத்தில் முதுகைச் சொறிந்துகொண்டவள் அவள். படித்ததும் சிரிப்பு வந்தது. அப்புறம் வெகுநேரம் அழுதேன். எனக்காகத்தான் சொன்னீர்கள் என்று தெரியும்.

அவளை மிருக டாக்டரின் கொட்டகைக்குப் பின்னால் கூண்டில் வைத்திருக்கிறார்கள். கம்பியைக் கடித்ததில் கோரைப்பல் ஒன்று போய்விட்டது. இனி வேட்டையாட முடியாது, அதனால் வெளியே விடவும் முடியாது என்கிறார் டாக்டர். மூன்று முறை போய்ப் பார்த்தேன். நான் கூண்டருகே நின்றால் தலையைக்கூடத் தூக்குவதில்லை. நேற்று ஜீப்பைப் பக்கத்தில் கொண்டுபோய் இஞ்சினை அணைத்தேன். உடனே எழுந்து, ஜீப் நின்ற பக்கமாக வந்து பதுங்கி உட்கார்ந்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. நின்ற வண்டியைத்தான் தெரிந்திருக்கிறது.

இதைத்தானே அன்றைக்கே சொன்னீர்கள்! நான் இந்தக் காட்டு விடுதியில் கைடாகி எட்டு வருஷம் வரை என்னைப் பேர் சொல்லிக் கேட்டு ஒரு விருந்தாளியும் வந்ததில்லை. "நிறையப் பேசுகிறார், எதையும் காட்டவில்லை" என்று கருத்துத் தாளில் எழுதிவைத்துவிட்டுப் போவார்கள். அந்தப் பேச்சுக்காகத்தானே நீங்கள் எனக்கு வாத்தியாரம்மா என்று பேர் வைத்தீர்கள். பறவைக் குரல் அத்தனையும் எனக்கு அத்துப்படி. அதற்கென்ன, அவர்களுக்கு வேண்டியது சிறுத்தை. புல்வெளியில் நாம் வண்டியை நிறுத்திய அந்தக் காலையில் அவள் நம் ஜீப்பின் மறைவில் ஒட்டிக்கொண்டே நடந்து போய் மானை அடித்தாள். விருந்தாளிகள் ஆறு பேரும் வண்டியிலேயே எழுந்து நின்றுவிட்டார்கள். மறுநாளும் அதே இடத்தில் நிறுத்தச் சொன்னேன். அதற்கு மறுநாளும். ஒரு மாதத்தில் என் பேர் எங்கெங்கோ போய்விட்டது.

அப்போது நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வண்டிய எடுத்துரலாம் வாத்தியாரம்மா. இதுக்குப் பயம் விட்டுப்போச்சு. இது நம்ம வண்டி, அது அடுத்தவன் வண்டின்னு இதுக்கென்ன தெரியும்?" நான் என்ன சொன்னேன்? "நீங்க ஸ்டியரிங்கப் பாருங்க, காட்ட நான் பாத்துக்கறேன்." அன்று முழுக்க நீங்கள் என்னோடு பேசவில்லை. எனக்குத் திமிர். ஒரு மன்னிப்புகூடக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், காலம் கடந்துதான்.

இனி எழுதப்போவது யாருக்கும் தெரியாதது. விபத்து நடந்த அன்று முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். விசாரணைக்காரர்கள் வந்துசேர ஒரு மணி நேரம் இருந்தது. பால் வண்டிக்காரரை வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். காவலுக்கு இருந்தவரும் சாலை வளைவில் வாகனங்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். சாலையோர மண்ணில் மகாராணியின் தடம் அச்சுப் பதித்த மாதிரி இருந்தது. சிறு பாலத்தடியிலிருந்து வந்திருக்கிறாள். பால் வண்டியின் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை, ஒரு கை அகலம்கூட விலகாமல் ஒட்டி நடந்திருக்கிறாள். நம் ஜீப்போடு எப்படி நடப்பாளோ அப்படியே. முன்சக்கரத்தடியில் ஒருவர் முதுகைக் காட்டிக் குந்தியிருக்கிறார். குந்தியிருக்கும் மனிதனின் உயரம் ஒரு மானின் உயரம்தானே அண்ணே? அவர் எதையும் விரட்டவில்லை, கல்லை எடுக்கவில்லை. தூக்கும்போது ஸ்பேனர்கூட அவர் கையிலேயே இருந்ததாம்.

எல்லாவற்றையும் படித்து முடித்தேன். அப்புறம் அந்தத் தடத்தின் மேலேயே நடந்து திரும்பி வந்தேன். காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தேன். பதினேழு வருஷத்தில் ஒரு முயலின் தடத்தைக்கூட மிதித்ததில்லை நான். மிதித்த விருந்தாளிகளைத் திட்டியிருக்கிறேன்.

விசாரணைக் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? தடைசெய்யப்பட்ட இடத்தில் வண்டியை நிறுத்தி, விலங்கைச் சீண்டியதால் நேர்ந்த மரணம் என்று. ஊருக்கு அது போதவில்லை. குடித்துவிட்டுப் போய்ச் சீண்டினார் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

அவருடைய செருப்பையும் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் கொடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பால் கிடங்குக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. அவர் மனைவி பால் கேன் கழுவிக்கொண்டிருந்தவர், ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். மற்றவர்கள் வெளியே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுப்படிக்கு வர்ற பூனையக்கூட வெரட்டமாட்டாருங்க. அவரு போய் எதுக்குச் சீண்டுனாரு? நீங்க காட்டுலயே இருக்கறவங்க, நீங்களாவது சொல்லுங்க" என்று கேட்டார். தெரியலம்மா என்றேன். "பரவால்ல, நீங்க வந்ததே பெரிசு" என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு!

நேரே போய் அந்த அம்மாவிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். இரண்டு முறை கிளம்பினேன். ஒரு முறை வாசல் வரை போனேன். உள்ளே கேன் உருளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

இதற்கு நடுவில் இங்கே எனக்கு மாலை மரியாதை நடக்கிறது. தலைமை வழிகாட்டி ஓய்வு பெறுகிறார். ஒன்றாம் தேதியிலிருந்து நான்தான் என்று மேனேஜர் அறிவித்துவிட்டார். நாம் எத்தனை வருஷம் பேசிப் பேசி ஆசைப்பட்ட பதவி! பேர் தைத்த சட்டைகூட வந்துவிட்டது. போன வாரம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, இந்தத் தொழிலில் நீண்ட காலம் நிலைத்து நிற்பது எப்படி என்று என்னைப் பேசச் சொன்னார்கள். தடம் படியுங்கள், முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள், விலங்கை அதன் போக்கில் விடுங்கள் என்று ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கினேன். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள், கைதட்டினார்கள்.

முந்தாநாள் துணிந்து விசாரணை அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், தடத்தை அழித்தது உட்பட. கெட்டவர் இல்லை, பொறுமையாகக் கேட்டார். "உங்க மனசு புரியுதும்மா. ஆனா தடமும் இல்ல, சாட்சியும் இல்ல. கூட இருந்த உங்க டிரைவரே முப்பது மீட்டர்னு சொல்லியிருக்காரு. அதிர்ச்சியில ஏதோ பேசறீங்க, ஒரு வாரம் லீவு போடுங்க" என்றார். மாதக் கடைசியில் கோப்பை மூடிவிடுவார்களாம்.

படி இறங்கும்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா அண்ணே? சந்தோஷம். சொல்லியாயிற்று, யாரும் நம்பவில்லை, நான் என்ன செய்ய முடியும் என்ற சந்தோஷம். அன்று மதியம் இரண்டு தட்டு சாப்பிட்டேன். மூன்று வாரத்தில் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன். என்னைப் பார்த்து நானே பயந்துபோனது அப்போதுதான்.

அந்த அதிகாரிக்கு நீங்கள் இரண்டு வரி எழுத வேண்டும். மகாராணி நம் ஜீப்புக்கு எவ்வளவு பக்கத்தில் வருவாள் என்று மட்டும். எழுதினால் அங்கே உங்கள் லைசென்ஸுக்கும் ஆபத்து என்பது தெரியாமல் கேட்கவில்லை. சுற்றுலா வண்டி ஓட்டுகிற ஒருவரிடம் இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அண்ணி என்னைச் சபித்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். எழுதுவதால் மகாராணி வெளியே வரப்போவதில்லை. போனவரும் வரப்போவதில்லை. ஒரு மனிதர் எதையும் சீண்டவில்லை என்று அவர் மனைவிக்கு ஒரு காகிதம் கிடைக்கும், அவ்வளவுதான். முகவரியைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

எழுதாவிட்டால் எனக்குக் கோபம் வராது. உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருக்கும். ஒன்றாம் தேதி காலை அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, விருந்தாளிகளுக்கு வணக்கம் சொல்லி, ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிடுவேன். கொஞ்ச நாளில் எல்லாம் மறந்தும் போகும். எனக்கு என்னைத் தெரியும் அண்ணே. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், என்னை ஏறவிடாதீர்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
வாத்தியாரம்மா