ஏழு முறை ஒப்புக்கொண்டவருக்கு

இன்று காலை சலவைக்காரர் என் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஈரத் துணியில் கரி இஸ்திரிப்பெட்டி பட்ட வாசனை இன்னும் அதில் இருந்தது. கல்லூரிக்குக் கிளம்ப அதைப் போட்டுக்கொண்டு பாதிப் பொத்தான்களை மாட்டியிருப்பேன், அதற்கு மேல் முடியவில்லை. கழற்றி நாற்காலியில் எறிந்தேன். லீவு சொல்லி அனுப்பிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் படிக்கப்போவதில்லை, இறந்து நாலு வருடம் ஆகிறது. உயிரோடு இருந்திருந்தால் எழுதியிருக்கவும் மாட்டேன். எனக்கு அவ்வளவு தைரியம் எப்போது இருந்தது?

உங்களை 'நீங்கள்' என்று சொல்வதே இதுதான் முதல் தடவை. என் மாமாவின் பனியன் கம்பெனியில் இஸ்திரி போட்டவர் நீங்கள். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். அப்படியும் வா, போ என்றுதான் பேசினேன். நீங்களோ மீசை சரியாக முளைக்காத என்னிடம் 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அது குற்றவியல் ஆனர்ஸ் படிப்பில் என் கடைசி வருடம். ஆய்வேடு கொடுத்தால்தான் பட்டம். பனியன் கம்பெனித் திருட்டுகள் என்று தலைப்பு எடுத்துக்கொண்டு சென்னையிலிருந்து திருப்பூர் வந்தேன். போலீஸ் ஸ்டேஷனில் பழைய பதிவேடுகளைப் பார்க்க மாமா ஏற்பாடு செய்தார். அதில் உங்கள் பெயர் ஏழு இடத்தில் இருந்தது. பனியன் பண்டல், நூல் பண்டல், மறுபடி பனியன். ஏழு முறையும் கோர்ட்டில் நீங்களே ஒப்புக்கொண்டு ஜெயிலுக்குப் போயிருந்தீர்கள். நான் துள்ளிக் குதிக்காத குறை. புத்தகத்தில் படித்த பழக்கக் குற்றவாளி சொந்த மாமாவின் கம்பெனியிலேயே இருக்கிறாரே! உங்களைப் பார்க்கும் முன்பே உங்களைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதி முடித்துவிட்டேன்.

காதர்பேட்டைக் கம்பெனியின் பின்கட்டில் நீங்கள் பனியன் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். எடுத்த எடுப்பில், "ஏன் திருடினே?" என்று கேட்டேன்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தீர்கள். "ஏனுங்க தம்பி, திருடுனவன மறுபடி மறுபடி அதே மேசைக்கு எந்த மொதலாளியாச்சும் சேத்துக்குவாருங்களா?"

மூன்று வருடம் குற்றவியல் படித்தவனுக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

பிறகு மெதுவாகச் சொன்னீர்கள். சரக்கை வெளியே கடத்தியது மாமாவின் மகன்களும் அவர் தம்பி மகனும். கூட்டாளிகளுக்குத் தெரிந்தால் கம்பெனி இரண்டாகிவிடும். அதனால் மாமாவே புகார் கொடுப்பார், ஆளையும் அவரே கொடுப்பார். ஒப்புக்கொண்டு ஜெயிலுக்குப் போகிறவன் வீட்டில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வார். திரும்பி வந்ததும் அதே மேசை, அதே பெட்டி.

"ஏழுல ஒண்ணுகூட நான் தொட்டதில்லீங்க. எனக்கு இனி என்னங்க ஆகப்போவுது? எனக்கப்பறம் என்ற பையனப் போகச் சொல்லுவாங்க. அதுதானுங்க பயம். நீங்க படிச்சவருங்க. உள்ளத உள்ளபடி எழுதிப்போட்டீங்கன்னா அவனக் கூப்புட மாட்டாங்க."

எழுதுகிறேன் என்றேன்.

சென்னையில் என் பேராசிரியர் சிரித்தார். "பதிவேடுதான் ஆதாரம். ஜெயிலுக்குப் போனவன் எவன் திருடினேன் என்பான்?" என்றார். மாமா இன்னும் சுருக்கமாக முடித்தார்: "அதெல்லாம் எழுதற விசயமா கண்ணு? பட்டத்த வாங்கற வழியப் பாரு." பழியை இவர்கள் தலையில் போட்டுவிட எத்தனையோ நாள் முயன்றிருக்கிறேன். நடக்கவில்லை. என் கையை யாரும் பிடித்து எழுதவில்லை. நீங்கள் சொன்னதைக் குறித்த தாள்களை நானேதான் கிழித்துப் போட்டேன். அத்தோடு விட்டேனா? அத்தியாயம் ஜோராக முடிய வேண்டுமென்று, இத்தகையவரின் மகனும் இதே வழியில் செல்ல வாய்ப்பு அதிகம் என்று இங்கிலீஷில் ஒரு வரி சேர்த்தேன். தேர்வாளர் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் 'வெரி குட்' என்று எழுதியிருந்தார். எனக்கு முதல் வகுப்பு கிடைத்தது. இப்போது நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது.

மாமா ஒரு பிரதியை பைண்டு செய்து ஆபீஸ் அலமாரியில் வைத்தார். வருகிறவர்களிடமெல்லாம் "எங்கக்கா பையன் எழுதுனதுங்க" என்று காட்டினார். அந்த ஆய்வேட்டைக் காட்டித்தான் கோயமுத்தூர்க் கல்லூரியில் எனக்கு வேலை கிடைத்தது. நீங்கள் இறந்த செய்தி வந்தபோது, பரீட்சை வேலை இருக்கிறது, வர முடியாது என்று சொல்லி அனுப்பினேன். ஒரு வேலையும் இல்லை.

போன மாதம் மாணவர்களைத் திருப்பூர் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனேன். கூண்டில் நின்றவனை அப்பா பெயரோடு சேர்த்துக் கூப்பிட்டார்கள்; உங்கள் மகன். நீங்கள் போன பிறகு உங்கள் மேசையில் சேர்ந்தவன். பனியன் பண்டல் திருட்டு. மாஜிஸ்ட்ரேட் கேட்டதும், "ஆமாங்க, நான்தானுங்க எடுத்தேன்" என்றான். என் மாணவன் ஒருவன் காதருகே குனிந்து, "சார், உங்க ஆய்வேட்டுல இருக்கற மாதிரியே நடந்திருக்கு!" என்றான். அவனுக்கு என்னை நினைத்து ஒரே பெருமை. மாணவர்களை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு எழுந்தேன்.

வெளியே வராந்தாவில் போலீஸ்காரருக்குப் பக்கத்தில் நின்ற உங்கள் மகன், விலங்கு மாட்டிய கையோடு என்னைக் கும்பிட்டான். "நீயா எடுத்தே?" என்று கேட்டேன். அதைக் கேட்கவும் எனக்கு வெட்கமில்லை.

"இல்லீங்க," என்றான். "மொதல்ல எஸ்.ஐ. நம்பலீங்க. இவன்மேல ஒரு புகாரும் இல்லியேன்னாரு. மொதலாளிதான் உங்க புஸ்தகத்த எடுத்து ஒரு பக்கத்தக் காட்டுனாருங்க. படிச்சுப் பாத்துப்போட்டு அவரும் செரின்னுட்டாருங்க."

அவனே என்னைத் தேற்றுவதுபோல் பேசினான். "அதுல என்ன எழுதியிருக்குதுன்னு எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஆனா எங்கய்யன் சாகறவரைக்கும் சொல்லிட்டேதானுங்க இருந்தாரு, தம்பி உள்ளத உள்ளபடி எழுதியிருக்கறாரு, உன்னைய ஆரும் கூப்புட மாட்டாங்கன்னு."

நீங்கள் அந்த நிம்மதியோடு செத்துப்போயிருக்கிறீர்கள். அதைத்தான் நான் சுமந்துகொண்டு திரிகிறேன். அண்ணா, நான் எழுதவில்லை.