மூன்று தட்டு

புது வீட்டில் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. நாளைக் காலை பால் காய்ச்சிக் குடிபுகுகிறோம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு படுக்கையறையில் நிற்கிறேன். உன் அறையிலும் இதே வாசனைதான் இருந்தது.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருபத்தெட்டு வருடம் நாம் ஒரே சுவருக்கு இப்புறமும் அப்புறமுமாகக் குடியிருந்தோம். உனக்கு அரிசிக்கடை, எனக்குப் பாத்திரக்கடை. நீ தும்மினால் என் மனைவி இங்கிருந்தே "கசாயம் வைக்கட்டா?" என்பாள். மூட்டையில் குத்தி அரிசி பார்க்கும் குத்தூசியால் சுவரில் ஒரு தட்டு தட்டுவாய். சாயா தயார் என்று அர்த்தம். மூன்று தட்டு என்றால் உடனே வா. உன் மகளுக்கு வலிப்பு வந்த அன்று மூன்று கேட்டது. செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தேன்.

பிறகு உனக்கு நல்ல காலம் வந்தது. கவடியாரில் மாளிகையே எழுப்பினாய். முதல்முறை நான் வந்தபோது அறைக் கதவைச் சாத்திக் காட்டினாய்.

"கேட்டியாடே, ஒரு சத்தமும் இல்ல. சுகம்னா இதாக்கும்."

எனக்குப் பொறாமையாக இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? கொஞ்ச நாளில் நீயே என் வீட்டுக்கு வந்து, அந்தப் பழைய சுவரில் முதுகைச் சாய்த்து மணிக்கணக்காக உட்கார ஆரம்பித்தாய். "அங்க ஏசிடே, முதுகு வலிக்கி" என்று நொண்டிச்சாக்கு சொன்னாய். நானும் கேலி பேசி அனுப்பிவைத்தேன். என்னவென்று கேட்டிருக்க வேண்டும்.

ஒரு மதியம் படுத்திருந்தபோது உனக்கு நெஞ்சு வலித்தது. கட்டிலருகே உன் மகன் அழைப்புமணி பொருத்தியிருந்தான். அழுத்தினால் வீடு முழுக்க ஒலிக்கும். நீ அதைத் தொடவே இல்லை. கீழே அடுக்களையில் இருந்த மதினிக்கு எதுவும் கேட்கவில்லை. சாயாவோடு மேலே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

துக்கத்துக்கு வந்தவன் அந்த அறைக்குள் போனேன். தலைமாட்டுச் சுவரில் உன் மோதிரக் கல் பட்டுப் பெயர்ந்த தடங்கள். மூன்று. பக்கத்தில் இன்னொரு மூன்று. கட்டில் உரசியிருக்கும் என்றார்கள். நான் அவற்றை விரலால் தொட்டு எண்ணினேன்.

என் மகளும் இங்கே கட்டிலருகே மணி வைத்திருக்கிறாள். சற்றுமுன் சுவரில் மூன்று தட்டினேன். பதிலில்லை. எட்டிப் பார்த்தால், அடுத்த அறையில் என் மனைவி திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. என்னைக் கண்ட பிறகுதான், "கூப்பிட்டியளா?" என்றாள்.

இல்லை என்றேன். அவள் ஆசைப்பட்டுக் கட்டிய வீடு. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திரும்பி வந்து கட்டிலில் படுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு மணியை அழுத்திப் பழகுகிறேன். கை சுவருக்கே போகிறது.